ஊரில் பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டை விருந்தினர் தங்கும் வீடாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரத்தநாடு பக்கம் எங்கள் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீட்டை நானும் தம்பியும் சீரமைத்து, இப்போது அதில் விருந்தினர்கள் வந்து தங்குகிறார்கள். நான் இருப்பது சிங்கப்பூரில். இது தெரிந்ததிலிருந்து இங்கே தேக்காவில் பார்க்கும் உறவுக்காரர்கள், வேலையிடத்து நண்பர்கள், நண்பர்களின் மாமனார்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று எந்த ஊரைச் சொன்னாலும் கதை ஒன்றுதான்: வீடு பூட்டிக் கிடக்கிறது, இடிக்க மனசு வரவில்லை, வைத்திருக்கவும் வழி தெரியவில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

சிங்கப்பூரிலேயே ஒரு பழைய வீட்டை எடுத்து இப்படிச் செய்ய முடியாதா?

சாதாரணக் குடும்பத்துக்கு வழி ரொம்பக் குறுகல். தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது, வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீடு என்றால் 6 மாதம். வார இறுதிக்கு இரண்டு ராத்திரி என்று விடுவதெல்லாம் சட்டப்படி குற்றம். பெரிய தோட்டத்தோடு இருக்கும் ஆங்கிலேயர் காலத்துக் கறுப்பு வெள்ளை பங்களாக்கள் பெரும்பாலும் அரசாங்கச் சொத்து, நமக்கு வாடகைக்குத்தான் கிடைக்கும்.

ஆனால் பார்த்துக் கற்றுக்கொள்ள இங்கே நிறைய இருக்கிறது. புலாவ் உபின் தீவில் செக் ஜாவா போகும்போது பாதிப் பேர் சதுப்பு நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாசலில் இருக்கும் அந்த இங்கிலீஷ் பாணி வீட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1930களில் அரசாங்கத் தலைமை நில அளவையாளர் ஒருவர் விடுமுறைக்கு வந்து தங்கக் கட்டியது. இந்த வெயில் ஊரில் உள்ளே கணப்பு அடுப்பு வேறு. அதைச் சீரமைத்து 2007இல் பார்வையாளர் நிலையமாகத் திறந்தார்கள். லிட்டில் இந்தியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது 1989இலேயே பாதுகாக்கப்பட்ட பகுதி ஆகிவிட்டது. அங்கே கடைவீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் வைத்திருக்கும் விதியின் சாரம், இருப்பதை முடிந்தவரை அப்படியே வைத்துக்கொள், கெட்டதைக் கவனமாகப் பழுதுபார், மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய முறைக்குப் பொருந்தும்படி மாற்று என்பதுதான். ஊர் வீட்டுக்கும் இதே வரிசையில் யோசித்தால் போதும்.

அத்தனை பாடுபடுவதற்கு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிச் சோலார் போட்டால் அதுவும் பசுமை வீடுதானே?

இல்லை என்பதுதான் என் கருத்து, இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். சிமெண்ட் சுடும் சூளைக்கு ஏறக்குறைய 1450 டிகிரி வெப்பம் வேண்டும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவில் போதும். சுண்ணாம்பு சுடும்போது வெளியேறும் கரியமில வாயுவில் ஒரு பங்கை, சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது. நம் தாத்தா வீட்டில் செங்கல் சுட்ட விறகு, வெட்டிய தேக்கு மரம், வண்டி கட்டிக் கொண்டுவந்த மணல் எல்லாம் செலவாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதை இடித்துக் குப்பையாக்கிவிட்டு, மறுபடி கம்பியும் சிமெண்டும் லாரி லாரியாக இறக்கி, மேலே நாலு சோலார் தகடு வைத்தால் கணக்கு நேராகாது. நிற்கிற வீட்டை நிற்க வைப்பதுதான் இதில் பெரிய பசுமை வேலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

வீடு தாங்குமா, தாங்காதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மழைக்காலத்தில் ஒருமுறை போங்கள். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரப் பயணம், அங்கிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குள். எல்லோரும் பொங்கலுக்கோ ஜூன் பள்ளி விடுமுறைக்கோ போய்க் காய்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று வந்துவிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில்தான் வீடு தன் நோயைக் காட்டும். எந்த ஓட்டிலிருந்து சொட்டுகிறது, முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிறதா அடித்தளத்துக்குள் இறங்குகிறதா, சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பென்சிலால் சுவரிலேயே கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு வாருங்கள்.

அப்புறம் மரம். உத்தரமும் கைமரமும் நடுவில் கெடுவது குறைவு. சுவருக்குள் நுழையும் முனையில்தான் முதலில் கெடும், ஏனென்றால் ஈரம் அங்கேதான் தங்குகிறது, கரையானும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. மெல்லிய திருப்புளியை அந்த முனையில் அழுத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கோ பனையோ என்றால் முனை உள்ளே போகாது. பொசுக்கென்று இறங்கி, மாவு மாதிரி தூள் கொட்டினால் அந்த முனையை வெட்டி எடுத்துப் புது மரம் ஒட்ட வேண்டும். அதற்காக முழு உத்தரத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, நல்ல தச்சர் பழைய மரத்தோடு புது மரத்தைச் சேர்த்துப் பூட்டிவிடுவார்.

சுவர் வெடிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடிப்பின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டு வந்தால், அடுத்த முறை போகும்போது கண்ணாடி உடைந்திருக்கிறதா என்பதே பதில் சொல்லிவிடும். உடைந்திருந்தால் பழைய கட்டடங்களில் அனுபவம் உள்ள பொறியாளரைக் கூப்பிடுங்கள். பழைய வீட்டைக் கண்டதும் 'இடிச்சிடுங்க சார்' என்பவரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொன்று. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது ஓட்டுக்கூரைகள் எப்படிப் பறந்தன என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காற்று ஓரத்தில்தான் நுழைகிறது. அதனால் சரிவின் கீழ் வரிசை, பக்கவாட்டு விளிம்பு, முகடு மூன்றையும் சாந்து வைத்து அடைத்துப் பிடிக்க வேண்டும், கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும். வெளியே தெரியாத வேலை என்பதால் முதலில் வெட்டப்படும் செலவு இதுதான், தயவுசெய்து இதை வெட்டாதீர்கள்.

சுவர் உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிட்டால் என்ன?

இந்த ஒரு கேள்விக்காகவாவது இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். பழைய செங்கல் சுவருக்கு அடியில் நாம் இப்போது போடுவது மாதிரி ஈரத்தடுப்பு எதுவும் பெரும்பாலும் கிடையாது. மண்ணின் ஈரம் கொஞ்சம் மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியே போய்விடும், சுவர் காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரம் ஏறும், உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் சேர்க்கும், உள்ளே செங்கல் உதிர ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் இரண்டு வருஷம் பளபளவென்று இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம், பிரிந்த இடத்தில் காலிப் பானையைத் தட்டியது போல வெற்றோசை. மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேறு அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் சித்தப்பா காலத்தில் திண்ணைச் சுவருக்குப் பூசிய சிமெண்டை உளியால் தட்டி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுவதும் சும்மா காயவிட்டோம். அப்புறம்தான் சுண்ணாம்பு. குழியில் நீற்றி, தண்ணீருக்கடியிலேயே வாரக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பு தயிர் மாதிரி வழவழப்பாக வரும். அதை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் ஊற்றிப் பிசைகிறார்கள். பூசிய பிறகு வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டிவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று இங்கே யாராவது சந்தேகப்பட்டால், சிட்டி ஹால் பக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போய் உள்சுவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்து 1862இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம் அது. அதன் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் பசையாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் கலந்து பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். நம் ஆட்களின் கை அது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஒரு கட்டடத்தைக் காத்த தொழில், தஞ்சாவூர் வெயிலில் நிற்காதா என்ன?

இந்த வேலை தெரிந்த கொத்தனார் இப்போது கிடைப்பாரா?

கிடைப்பார், தேட வேண்டும். கோயில் திருப்பணிகளில் வேலை செய்தவர்களையும் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் வேலை செய்தவர்களையும் விசாரியுங்கள். புதுச்சேரியில் இன்டாக் அமைப்பு பழைய கட்டடங்களைக் காப்பதில் நெடுநாளாக இருக்கிறது. ஆரோவில்லில் 1989இலிருந்து மண் கட்டடக்கலைக்கென்றே ஒரு நிலையம் பயிற்சி கொடுத்து வருகிறது. ஆள் பிடிப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு பகல் சுற்றுங்கள், தமிழ்நாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், திண்ணை எவ்வளவு உயரம், தாழ்வாரம் எவ்வளவு இறக்கம் என்பதெல்லாம் கண்ணில் பதிந்துவிடும்.

பெரிய கொத்தனாரோடு ஊர்ப் பையன்கள் இரண்டு பேரையாவது கூடவே நிறுத்துங்கள். அடுத்த வருஷம் ஒரு மூலையில் பூச்சு விட்டால் காரைக்குடியிலிருந்து ஆள் வர வேண்டியிருக்காது.

ஏசி இல்லாமல் இங்கிருந்து வரும் பிள்ளைகள் தூங்குவார்களா?

மார்கழியில் போர்வை கேட்பார்கள். சித்திரை கத்திரி வெயிலில் கஷ்டம்தான், மறைத்துப் பேச விரும்பவில்லை. நாங்கள் அந்த மாதங்களில் முன்பதிவே அதிகம் எடுப்பதில்லை, வீட்டுப் பராமரிப்பு வேலைகளை அப்போது வைத்துக்கொள்கிறோம்.

மற்ற மாதங்களில் வீடு தன் வேலையைத் தானே செய்யும், நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால். முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருப்பார்கள், அதை முதலில் எடுங்கள். சூடான காற்று மேலே போக இருக்கும் ஒரே வழி அந்த முற்றம்தான். மழைச்சாரலுக்குத் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி கட்டினால் போதும், குரங்குத் தொல்லைக்கு இரும்புக் கிராதி. நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கும்போது நடுவில் தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது, ஆகவே ஓடு குறைகிறதே என்று ஒற்றை அடுக்காகப் பரப்பச் சம்மதிக்காதீர்கள். இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய ஓடு விலைக்குக் கிடைக்கும். ஒரே ஒரு அறைக்கு மட்டும், வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வருவார்கள் என்பதால், நாங்கள் ஏசி வைத்தோம். அந்த அறைக்கு மரப்பலகையில் தனி மேல்தட்டு அடித்து அதன்மேல் தேங்காய் நார்ப் பலகை பரப்பியிருக்கிறோம், இல்லையென்றால் குளிரெல்லாம் ஓட்டு வழியாகப் போய்விடும்.

கழிவறை, தண்ணீர்?

விருந்தினர் புகாரில் பெரும்பகுதி இங்கேதான் வரும். பழைய வீட்டுக்குள் சுவரை உடைத்துக் குளியலறை வைப்பதை விட, பின்கட்டில் தொழுவமோ விறகுக் கொட்டகையோ இருந்த இடத்தில் கட்டி, கூரையுள்ள நடைபாதையால் இணைப்பது வீட்டுக்கு நல்லது. ஈரம் பழைய சுவரைத் தொடாது.

டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். அடியில் தளம் போடாத கழிவுக் குழி வைத்தால் அது நேராகக் கிணற்றோடு பேசும். ஆகவே கசியாத தொட்டி கட்டுங்கள், கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தனிக் குழாயில் போகட்டும். ஜல்லியும் மணலும் நிரப்பிய பாத்தியில் கல்வாழை நட்டு அதன் வழியாக விட்டால் தென்னைக்கும் வாழைக்கும் பாயும் அளவுக்குத் தெளிந்துவிடும். நாங்கள் வைத்த கல்வாழை இப்போது ஆள் உயரம், சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கிறது, வருகிறவர்கள் அதைத் தோட்டம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலிருந்தே கட்டாயம். ஓட்டுக்கூரையிலிருந்து விழும் முதல் மழைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு அப்புறம் வருவதைக் கிணற்றில் விடுங்கள்.

சோலார்?

போடுங்கள், ஆனால் ஓட்டின்மேல் ஏற்றாதீர்கள். ஓடு மாற்ற ஏறும்போதெல்லாம் இடைஞ்சல், காற்றுக்கும் பிடி கொடுக்கும். பின்கட்டுக் குளியலறையின் தட்டைக் கூரையோ மாட்டுக்கொட்டகையோ போதும், தெற்குப் பார்த்து லேசான சாய்வில். ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட் அளவுக்கு எதிர்பார்க்கலாம். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அதில் ஓடும்.

வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

முதல் செங்கலைத் தொடுவதற்கு முன் இதை முடியுங்கள். வாரிசுச் சான்று, பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து, பங்காளிகள் அத்தனை பேரோடும் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துகொள்ளுங்கள். 'அத்தை கேட்க மாட்டாங்க' என்பது ஆவணம் இல்லை. பாழடைந்த வீட்டைக் கேட்காத அத்தை, புது ஓடு போட்டு விருந்தினர் வரும் வீட்டைக் கேட்கலாம், கேட்க அவருக்கு உரிமையும் இருக்கிறது.

இங்கிருந்தபடியே ஊரில் ஒருவருக்குப் பவர் கொடுக்க வேண்டியிருந்தால், நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (பத்திரம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) வாங்கி அனுப்பலாம், சிங்கப்பூரில் அந்த முறை 2021 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். எந்த வேலைக்குப் பவர் என்று வரையறுத்து எழுதுங்கள், விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள், தம்பியாக இருந்தாலும் சரி.

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஓசிஐ இருந்தால் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது, பரம்பரையாக வருவது வேறு விஷயம். வீட்டை ஒட்டிய தோப்பையும் சேர்த்து வாங்கிப் போடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உரிமம் என்னென்ன வேண்டும்?

ஊராட்சியில் பேசுங்கள், தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்யுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர நினைத்தால் 1 முதல் 6 அறைகள் வரைதான், அதோடு உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிங்கப்பூரில் ஈசூனில் உட்கார்ந்துகொண்டு அது நடக்காது, குடும்பத்தில் யாராவது அங்கே இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை, 'படிவம் சி' என்று சொல்லிவந்த படிவத்தில், இணையத்தில் பதிய வேண்டும். நம் சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்கள் வந்து தங்கினாலும் அப்படித்தான், சொந்தம்தானே என்று விடாதீர்கள்.

வருமானத்துக்கு இரண்டு பக்கமும் வரியா?

இந்தியாவில் சம்பாதித்ததற்கு அங்கே வரி கட்ட வேண்டும், பணம் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) சேரட்டும். வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே கொண்டுவரும் பணத்துக்குத் தனிநபர்களிடம் சிங்கப்பூர் பொதுவாக வரி வாங்குவதில்லை. கணக்காளர் ஒருவரை முதல் வருஷமே பிடித்துக்கொள்ளுங்கள்.

லாபம் வருமா?

போட்ட வெள்ளியை ஐந்து வருஷத்தில் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, வேறு முதலீட்டைப் பாருங்கள். எங்களுக்கு இப்போது வருவது பராமரிப்புக்கும் அங்கே வேலை செய்பவர்களின் சம்பளத்துக்கும் போதுகிறது, கொஞ்சம் மிஞ்சுகிறது, அது அடுத்த ஓட்டு மாற்றத்துக்கு. வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. செலவில் பாதிக்கு மேல் கூரைக்கும் சுவருக்கும் போனது. பணம் குறைவாக இருந்தால் அறைகளைக் குறையுங்கள், கூரையில் கை வைக்காதீர்கள்.

நாங்கள் இங்கே, வீடு அங்கே. யார் பார்த்துக்கொள்வது?

ஊரில் நம்பிக்கையான ஒருவர் கிடைக்கும் வரை தொடங்காதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தம்பி குடும்பம் ஒரு பக்கத்தில் இருக்கிறது, அடுப்படியைப் பக்கத்து வீட்டு அக்கா பார்க்கிறார். அவர் சமையல்காரர் மட்டும் இல்லை, விலை, விருந்தினர் எண்ணிக்கை, எந்த நாளில் வீட்டை விடக்கூடாது என்பதிலெல்லாம் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஊர்த் திருவிழாவுக்கும் தெருவில் துக்கம் நடக்கும் வீட்டுக்கும் ஏற்ப முன்பதிவை மாற்றிவிடுவோம். சம்பளத்தை விருந்தினர் வந்தால்தான் என்று வைக்காமல் மாதச் சம்பளமாகக் கொடுங்கள், ஆள் வராத மாதத்திலும் வீட்டைத் திறந்து பெருக்கி விளக்கேற்ற வேண்டுமல்லவா. பூட்டிக் கிடக்கும் வீடுதான் சீக்கிரம் சாகிறது.

காய்கறி, பால், மீன் எல்லாம் ஊரிலேயே வாங்குகிறோம். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கிடையாது, மண்பானையும் வடிகட்டியும் இருக்கிறது. இதை விளம்பரத்தில் போடுவதில்லை.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்?

பொங்கல் முடிந்ததும் ஓட்டைப் பிரியுங்கள். மாசி, பங்குனியில் மரவேலை, சித்திரைக்குள் கூரை மூடியிருக்க வேண்டும், கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. சுண்ணாம்புப் பூச்சை ஆனி, ஆடியில் வையுங்கள், ஐப்பசி மழைக்கு முன் இறுக அதற்கு நேரம் வேண்டும். அதற்கு இந்த வருஷ மழையிலேயே போய்ச் சுவரில் அந்தப் பென்சில் கோட்டைப் போட்டுவிட்டு, வரும் வழியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.